மருந்தல்ல, பண்டம்

ஜூன் 9, ஞாயிறு

எப்சி போய்விட்டாள். மாத்திரை டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறந்து விட்டுப் போனதல்ல. மூடியைத் துடைத்து, அவள் பெயர் ஒட்டிய பக்கம் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறாள்.

காலையில் நானும் அப்பாவும் வேதக்கோயிலுக்குப் போயிருந்தோம். தலைவலி என்று அவள் வரவில்லை. நான் கோயிலுக்குப் போவது அப்பாவுக்காக. பாட்டுப் புத்தகத்துக்குள் வேறு புத்தகம் வைத்துப் படித்த வயதிலேயே எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. சாவி செருப்பு வைக்கும் இடத்தில்.

மதியம் அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டாள். “மேட்டுத்தெரு ஊழியர் இல்லத்துல இருக்கேம்ப்பா. நல்லா இருக்கேன். தேடாதீங்க.” என் போனுக்குக் கூப்பிடவில்லை.

பாளையங்கோட்டையில் அதை வெள்ளைச் சேலைச் சபை என்பார்கள். அங்கே ஊழியத்துக்குச் சேருகிற பெண்கள் வெள்ளைதான் உடுத்த வேண்டும். கல்யாணம் கூடாது. நகை கூடாது. மருந்து கூடவே கூடாது. காய்ச்சலுக்கும் ஜெபம், கான்சருக்கும் ஜெபம். ஆறு மாதமாக வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போய்வந்தாள். பாட்டுக்காகப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குக் குரல் நன்றாக இருக்கும்.

என் தங்கை எப்சிபாவுக்குப் பதினொரு வயதிலிருந்து வலிப்பு. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. அம்மா இறந்த பிறகு அதை எடுத்துக் கொடுப்பது நான். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

இன்று இரவு மாத்திரை அவளுக்கு இல்லை.

ஜூன் 10, திங்கள்

காவல் நிலையத்துக்குப் போனேன். எஸ்.ஐ. ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். இல்லத்துக்குப் போன் போட்டு எப்சியிடம் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டாள். “நானாத்தான் மேடம் வந்தேன். யாரும் கூப்பிடல” என்றது எப்சியின் குரல். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரல்.

“மேஜர் பொண்ணு. நாங்க என்ன செய்ய முடியும்?”

“அவ மாத்திரை சாப்பிடாம இருந்தா உயிருக்கே ஆபத்து மேடம்.”

“சாப்பிடமாட்டேன்னு சொல்லுதது அவ உரிமைல்லா. லவ் பண்ணி ஓடிட்டான்னு அழுதுட்டு வாரவங்ககிட்டயும் இதத்தான் சொல்லுதோம். சாமிய லவ் பண்ணி ஓடினா மட்டும் வேற சட்டமா? நீங்க காலேஜ் லைப்ரரில இருக்கீங்கங்கீங்க. உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும். வயது வந்தவர் தன் விருப்பப்படி எங்கும் இருக்கலாம், எதையும் நம்பலாம், தன் உடம்பில் எதையும் மறுக்கலாம். இந்த வாக்கியத்துக்காக எங்கெங்கோ எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். நான் எப்போதும் அதன் பக்கம்தான். மாணவிகளுக்கு அதைப் பற்றிய புத்தகங்களை நானே தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

வெளியே வந்து, செருப்பைப் போடாமல் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டேன்.

ஜூன் 12, புதன்

டாக்டரைப் பார்த்தேன். சட்டென்று நிறுத்தினால் அடுத்தடுத்து வரலாம், நிற்காமல் வரலாம், மூச்சு நின்றுபோகலாம் என்றார். “சிலருக்கு மாசக்கணக்கா ஒண்ணுமே வராது. வரலைங்கறதுனால போயிட்டுன்னு அர்த்தம் இல்ல. அதான் இதுல உள்ள சூதே” என்றார். மாத்திரைச் சீட்டைப் புதுப்பித்து எழுதி வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “அவளக் கொஞ்சம் விட்டுப் பிடிச்சிருக்கலாம், பியூலா” என்றார். அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். எல்லாரையும் உள்ளே போ, உள்ளே போ என்று சொன்னவர், வீட்டில் யாரையும் எதுவும் சொன்னதில்லை. சொல்கிற வேலை என்னிடம் வந்தது.

ஜூன் 16, ஞாயிறு

ஞாயிறு பிற்பகலில் குடும்பத்தார் பார்க்கலாம். போனேன். அப்பா வரவில்லை. வெள்ளையில் அவளைப் பார்க்க முடியாது என்றார்.

சுத்தமான வீடு. சிமெண்டுத் தரை கால்வைக்கக் கூசும்படி பளபளக்கிறது. பெண்கள் பகுதியைப் பார்த்துக்கொள்வது மதர் ரூபி. எழுபது வயது இருக்கும், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஆராதனையைப் பெண்கள் பக்கத்தில் நின்று நடத்துவதும் அவர்தான். பாஸ்டர் ஞானசிகாமணி வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். வலது காலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. புண். சர்க்கரைப் புண்ணாகத்தான் இருக்கும். ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு மருத்துவமனை என்று வைத்துக்கொள்கிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அவர் நம்புகிறார். கால் அழுகும்போதும் நம்புகிறார்.

எப்சி இளைத்திருந்தாள். முகம் மட்டும் தெளிவாக இருந்தது.

“என்னட்டி இப்படிப் பண்ணிட்ட?”

“எப்படிப் பண்ணிட்டேன்?”

“மாத்திரை?”

“வேண்டாம்க்கா. இங்க வந்ததுலருந்து நல்லா தூங்குதேன்.”

“வலிப்பு வந்தா?”

“வந்தா வரட்டும். கர்த்தர் பாத்துக்கிடுவார்.” பிறகு தாழ்ந்த குரலில், ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்கிறவளைப் போல, “அக்கா, இங்க பாத்ரூம்ல தாப்பாள் இருக்கு. நான் தாப்பாள் போட்டுட்டுத்தான் குளிக்கேன்” என்றாள்.

எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளை நான்தான் கழற்றினேன். அவள் ப்ளஸ் டூ படிக்கும்போது உள்ளே விழுந்து, கதவை உடைத்து எடுத்தோம். அதற்குப் பிறகு கழற்றியது. சைக்கிள் வேண்டாம் என்று நான் தடுத்ததும், மதுரையில் விடுதியில் தங்கி பி.எட். படிக்க வேண்டாம் என்றதும் அதே போலத்தான். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. கேட்டால் சொல்வேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.

கிளம்பும்போது அவளுக்கென்று ஒரு நல்ல துண்டும் சோப்பும் கொடுத்தேன். மதர் ரூபி வாங்கிக்கொண்டார். “இங்க எனக்கு, உனக்குன்னு ஒண்ணும் கிடையாதும்மா” என்றார் சிரித்தபடி.

ஜூன் 18

நூலகத்தில் புத்தகச் சரிபார்ப்பு. தூசி. மாவு அரைக்கவில்லை. கடை இட்லி.

ஜூன் 22, சனி

இன்று முழுக்க அடுப்படியில்.

கருப்பட்டியைத் தட்டிப் பாகு காய்ச்சி வடிகட்டி, சுக்கு, மிளகு, கொஞ்சம் ஓமம், வறுத்துப் பொடித்த பாசிப்பருப்பு போட்டுக் கிளறினேன். ஆறிய பிறகு உருண்டை. ஒவ்வொரு உருண்டைக்கும் நடுவில் ஒரு மாத்திரைப் பொடி. மாத்திரை எரிக்கிற கசப்பு. சுக்கின் காரம் அதை மூடிவிடுகிறது. முதல் உருண்டையை நானே தின்று பார்த்தேன். பிற்பகல் முழுக்க மயக்கமாக வந்தது.

அப்பா எட்டிப் பார்த்து, “எனக்கு ஒண்ணு குடு” என்றார்.

“இது எப்சிக்கு.”

“அவ்வளவும் எப்சிக்கா?”

“ஆமா.”

மேஜை மேல் இருந்த இடிகல்லையும் அதில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். எங்கள் வீட்டில் இப்படித்தான் சம்மதம் கிடைக்கும்.

இது சரியா என்று எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒருவருடைய சம்மதமில்லாமல் அவர் உடம்புக்குள் ஒன்றைச் செலுத்துவது. இன்னொருவர் செய்திருந்தால் அதற்கு நான் என்ன பெயர் வைப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்னொருவர் இதைச் செய்யவில்லை. நான் செய்கிறேன். பாத்திரம் கழுவ வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

டப்பாவை மதர் ரூபி திறந்து மோந்து பார்த்தார்.

“சுக்கு வாசம் வருது.”

“ஆமாம்மா. எப்சிக்குப் பாடிப் பாடித் தொண்டை கட்டும். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

“சுக்கு மருந்தாச்சே.”

பக்கத்தில் இருந்த இளைய சிஸ்டர் ஒருத்தி, “மதர், மீன்குழம்புலயும்தான் மிளகு போடுதோம்” என்றாள். இன்னொருத்தி, “இனிச்சா பண்டம், கசந்தா மருந்து” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மதர் ரூபி ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடிச் சுவைத்தார்.

“இனிக்கத்தான் செய்யுது. பண்டம்தான்” என்று தீர்ப்புச் சொன்னார்.

“இத எப்சிக்கு மட்டும் குடுங்கம்மா. மறந்துராம.”

“ஆகட்டும், ஆகட்டும்.”

எப்சி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சின்னப் பிள்ளையில் சிரிப்பது போல.

ஜூலை 14, ஞாயிறு

வாரம் ஒரு டப்பா. சனிக்கிழமை கிண்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிறேன். எப்சிக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு தடவைகூட இல்லை. முகத்தில் சதை வைத்திருக்கிறது.

வீட்டில் அவள் கட்டில் என் கட்டிலோடு ஒட்டிக் கிடக்கிறது. இழுத்துப் போட வேண்டும். பாரமாக இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

இன்று எப்சி பாடினாள். வராந்தாவில் நின்று கேட்டேன். நம்பாதவளையும் நிற்க வைக்கிற குரல். மதர் ரூபி முன்வரிசையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். தலை ஆடி ஆடி, பக்கத்தில் இருந்தவள் தோளில் சாய்ந்தது. பெண் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வயது.

ஆகஸ்ட் 15

கல்லூரியில் கொடியேற்றம். தாளாளர் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார். மிட்டாய் கொடுத்தார்கள். கருப்பட்டி வாங்க மறந்து, மறுபடியும் சந்தைக்குப் போனேன். நல்ல கருப்பட்டி கிடைக்கவில்லை. சீனி கலந்தது.

செப்டம்பர் 1, ஞாயிறு

எப்சி குதித்துக்கொண்டு வந்தாள். “அக்கா, கன்வென்ஷன்ல நான் சாட்சி சொல்லப் போறேன்.”

“என்ன சாட்சி?”

“வேற என்ன? இங்க வந்ததுலருந்து ஒரு மாத்திரை இல்ல. ஒரு தரம்கூட வரல. பாஸ்டர் சொல்லச் சொல்லுதார்.”

கையில் டப்பாவோடு நின்றேன். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் நாளையிலிருந்து நான் கொடுக்கிற எதையும் தின்ன மாட்டாள். டப்பாவைக் கொடுத்தேன்.

“மதர் ரூபி எங்க?”

“அவங்க இப்ப ஆராதனை நடத்துததில்லக்கா. முடியல. வேற சிஸ்டர் நடத்துதாங்க.”

செப்டம்பர் 15, ஞாயிறு

மைதானத்தில் பந்தல். டியூப்லைட், பிளாஸ்டிக் நாற்காலிகள், சூட்டில் உருகுகிற தார்ப்பாய் வாடை. எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் முத்துச்செல்வியைப் பார்த்தேன். என் ரவிக்கைகளைத் தைப்பது அவள்தான். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். மடியில் அவள் மகள் தர்ஷினி. மூன்றாம் வகுப்பு. அந்தப் பிள்ளைக்கும் வலிப்பு என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

“நாங்க சாமி கும்பிடுத ஆளுங்கதான். பிள்ளைக்கு நல்லதுன்னா எங்கயும் வருவேன்” என்றாள்.

எப்சி மேடை ஏறினாள். மைக்கின் உயரத்தை இறக்கினார்கள். முதலில் குரல் நடுங்கியது. பிறகு நேரானது. பதினொரு வயதில் வந்தது, அக்கா கழற்றிய தாழ்ப்பாள், மற்றவர்கள் விளையாடும்போது தான் படியில் உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். என்னைக் குறை சொல்லவில்லை. “எங்க அக்கா எனக்கு அம்மா மாதிரி. ஆனா அவங்க கண்ணு எம்மேலயே இருக்கும். நான் எப்ப விழுவேன்னு பாத்துட்டே இருக்கும். இங்க என்னை யாரும் அப்படிப் பாக்கல. கர்த்தர் என்னைச் சுகமாக்கினார். ஒரு மாத்திரை நான் தொடல” என்றாள். மைதானமே குரல் எழுப்பியது.

மேடைக்குக் கீழே ஒரு பெரிய மூங்கில் கூடை. விசுவாசம் வந்தவர்கள் தங்கள் மருந்துகளை அதில் கொண்டுபோய்ப் போடுவது வருஷாவருஷ வழக்கமாம். வரிசையாக எழுந்து போனார்கள். மாத்திரைப் பட்டைகள், இருமல் மருந்து, ஒரு கிழவரின் கண் சொட்டு மருந்து. முத்துச்செல்வி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“போடாதீங்க” என்றேன். சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அல்லது நான் சத்தமாகச் சொல்லவில்லை. தர்ஷினியின் கையில் பட்டையைக் கொடுத்து, அவளையே போடச் செய்தாள். பிள்ளை கல் எறிவதைப் போலச் சந்தோஷமாக எறிந்தது.

செப்டம்பர் 20

தர்ஷினிக்கு நேற்று பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்ததாம். நாக்கைக் கடித்துவிட்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எப்சியிடம் சொல்லிவிட்டேன்.

கொல்லைப் பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைச் சேலைகள் கொடியில் காய்ந்தன.

“எப்சி, நீ சாட்சி சொன்னது சரியில்ல. நீ இத்தனை நாளும் மாத்திரை சாப்ட்டுட்டுத்தான் இருந்த.”

“எந்த மாத்திரை?”

“உருண்டையில வச்சிருந்தேன். ஒவ்வொண்ணுலயும்.”

கோபத்துக்குத் தயாராக இருந்தேன். அழுகைக்கும் தயாராக இருந்தேன்.

“நான் ஒண்ணுகூட சாப்பிடலையேக்கா.”

“என்னட்டி சொல்லுத?”

“டப்பா வந்த அன்னைக்கே பொது அலமாரிக்குப் போயிட்டு. இங்க யாருக்கும் தனியாப் பண்டம் கிடையாது. மதர் ரூபிக்குத்தான் தொண்டை கட்டும். எல்லாருமாச் சேந்து அவங்களுக்கே குடுத்துட்டோம். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நீ சொல்லிவிட்ட மாதிரியே.” பிறகு, “எனக்குச் சுக்கே ஆகாதுல்லக்கா. உனக்குத் தெரியாதா?” என்றாள்.

தெரியாது. மழைக்காலம் முழுக்க அவளுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன். கொடுத்ததைக் குடிப்பாள்.

அவள் முகம் மாறியது. மதர் ரூபி ஜெபத்தில் தூங்கித் தூங்கி விழுந்ததும், மாடிப்படியில் தடுமாறியதும், இனி உங்களால் முடியாது என்று பாஸ்டர் ஆராதனைப் பொறுப்பை வாங்கிக்கொண்டதும், அன்று அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதும் எல்லாம் அவளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவு வருவது எனக்குத் தெரிந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

“அந்தக் கிழவிய என்ன பண்ணி வச்சிருக்க நீ.”

இந்த வாரம் கொண்டுவந்த டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எதையோ கணக்குப் போட்டு முடித்தவளைப் போல நிமிர்ந்தாள். “அப்போ நெசந்தான்லக்கா.”

“எது?”

“எனக்குச் சுகமானது. மேடையில நிக்கும்போது உள்ளுக்குள்ள ஒரு பயம், நாமளாச் சொல்லுதோமோன்னு. வீட்டுலருந்து ஏதாவது பண்ணியிருப்பியோன்னுகூட ஒரு நாள் நினைச்சேன். இப்ப ஒரு சந்தேகமும் இல்ல. நீயே வந்து தீத்து வச்சிட்ட.”

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சிலருக்கு மாதக்கணக்கில் வராது, வராததால் போய்விட்டது என்று அர்த்தமில்லை என்றேன். “சரிக்கா” என்றாள். தோற்றவர்களுக்குக் காட்டுகிற மரியாதை அது.

டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, உருண்டைகளை ஒவ்வொன்றாகச் சாக்கடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். “இத வேற யாருட்டயும் சொல்லிராத. வயசான பொம்பளைக்குத் திருட்டுத்தனமா மாத்திரை குடுத்தேன்னு தெரிஞ்சா உம்மேல கேஸ் போட்டுருவாங்க. வேலை போயிரும். நான் மூச்சு விடமாட்டேன். யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன்.”

வாசல் வரை என்னோடு வந்தாள். வீட்டில் இருந்தபோது அவள் யாரையும் வழியனுப்பியதில்லை. அவளைத்தான் யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வேலை முடிந்து முத்துச்செல்வியின் கடைக்குப் போனேன். தர்ஷினி மெஷினுக்குக் கீழே வெட்டுத்துணிகளில் படுத்திருந்தாள். உதட்டில் வீக்கம்.

டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் முதலில் பொறுமையாகச் சொன்னேன். மூளை, மின்னோட்டம், மருந்தின் அளவு. முத்துச்செல்வி தைத்துக்கொண்டே கேட்டாள்.

“நீங்க படிச்சவங்க, சொல்லுதீங்க. ஆனா உங்க தங்கச்சி சொன்னத நான் என் காதால கேட்டேன்.”

“பிள்ளைக்கு வந்திருக்குல்லா?”

“போறது கொஞ்சம் ஆட்டி வச்சிட்டுத்தான் போகும்னு சிஸ்டர்மார் சொன்னாங்க. நீங்க இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க தங்கச்சி மாத்திரை சாப்ட்டாளா, சாப்பிடலையா?”

மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒரே கேள்வி. அதற்கு ஒரே ஒரு உண்மையான பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னால் இந்தப் பிள்ளை சாகும்.

“சாப்ட்டா. நான்தான் குடுத்தேன். உருண்டைக்குள்ள பொடிச்சு வச்சு, அவளுக்குத் தெரியாம. வாராவாரம்.”

“நெசமாவா?”

“நெசமா.”

“எம்பிள்ள தலையில கைய வச்சுச் சொல்லுங்க.”

குனிந்து தர்ஷினியின் தலையில் கை வைத்தேன். எண்ணெய்ப் பிசுக்காகவும் சூடாகவும் இருந்தது. “எந்தங்கச்சி மாத்திரை சாப்ட்டுத்தான் நல்லா இருக்கா” என்றேன். என் குரல் நடுங்கவில்லை. எப்சியின் குரல்கூட முதலில் நடுங்கியது.

முத்துச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாள் என்று இல்லை. “பாவி மக, இப்படிப் பொய் சொல்லியிருக்காளே. மேடை ஏறி” என்றாள். கடையைச் சாத்திவிட்டு மருந்துக்கடைக்குப் போனாள். நான் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு பிள்ளையின் உயிர். அதை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் எதை வைத்தாலும் நிற்காது. நான் படித்த எந்தப் புத்தகமும் இதற்கு மாறாகச் சொல்லாது.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று முத்துச்செல்வியிடம் நான் சொல்லவில்லை. தோன்றவில்லை. இந்தத் தெருவில் அவளிடம் துணி கொடுக்காத வீடு கிடையாது. வெள்ளைச் சேலைக்காரர்களின் ரவிக்கைகளையும் அவள்தான் தைக்கிறாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பார்க்கப் போகவில்லை. மழை.

எப்சியின் கட்டில் மெத்தையை வெயில் வந்தால் காயப்போட வேண்டும்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. பத்து மணிவாக்கில் ஆட்டோ வந்து நின்றது. பாஸ்டர் ஞானசிகாமணி ஊன்றுகோலை ஊன்றி இறங்கினார். பின்னால் எப்சி. போனபோது போட்டிருந்த அதே பச்சைச் சுடிதார். கையில் ஒன்றும் இல்லை.

நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. காலில் சுற்றிய துணியிலிருந்து வாடை வந்தது. அப்பா எழுந்து நின்று, சட்டைப் பொத்தானை மாட்டினார்.

“முத்துச்செல்வின்னு ஒரு அம்மா ஞாயித்துக்கிழமை ஆராதனைல எழுந்து நின்னு கேட்டாங்க” என்றார் பாஸ்டர். “எல்லாருக்கும் முன்னால. எப்சிபாட்ட நான் கேட்டேன். அக்கா குடுத்த பண்டத்த நீ சாப்ட்டியாம்மான்னு. ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. தனியாக் கூப்பிட்டும் கேட்டேன். அழுதுகிட்டே நிக்கா. வாயத் திறக்க மாட்டேங்கா.”

எப்சி வேலிப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

“உங்க வார்த்தையக் கேக்காம நான் ஒரு பிள்ளையத் தள்ளக் கூடாது. அதுக்குத்தான் நானே வந்தேன். நீங்க சொல்லுங்கம்மா. சாப்ட்டாளா?”

நல்ல மனிதர். பொறுமையாகக் காத்திருந்தார். இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அந்த ஆட்டோவிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போயிருப்பார். பிறகு அந்த உருண்டைகளை யார் தின்றார்கள் என்ற கேள்வி வந்திருக்கும். அதற்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

எப்சி திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு தடவைதான்.

“சாப்ட்டா” என்றேன்.

பாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். “நீங்க செஞ்சதப் பாவம்னு சொல்ல மாட்டேன். கூடப்பொறந்தவ மனசு. ஆனா பொய்ச்சாட்சி சொன்ன பிள்ளைய வெள்ளையில வச்சிருக்க முடியாதும்மா. கூடையில மருந்து போட்ட ஒவ்வொருத்தர் வீடா நான் போயிச் சொல்லணும்.” எப்சியின் தலைக்கு மேல் கையை நீட்டினார். தொடவில்லை. இந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் அத்தனை வீடும் ஏறுவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆட்டோ போன பிறகு அப்பா, “உள்ள வா மக்கா” என்றார். எப்சி வந்தாள்.

தர்ஷினி நன்றாக இருக்கிறாள். இன்று பார்த்தேன். தெருவில் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 3

அப்பா சீலா மீன் வாங்கி வந்தார். குழம்பும் பொரியலும் வைத்தேன். எப்சி சாப்பிட்டாள். நன்றாயிருக்கிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவிடமும் இல்லை. பாடவும் இல்லை.

களைப்பாக இருக்கும்.

அக்டோபர் 5, சனி

இனி கருப்பட்டி கிண்ட வேண்டாம். சனிக்கிழமை காலியாக இருக்கிறது. புத்தகம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

டாக்டர் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கச் சொன்னார். மறுப்பாள் என்று நினைத்து, சொல்ல வேண்டியவற்றையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவள் உரிமையைப் பற்றிக்கூட. சண்டை போட்டால் போடட்டும், கத்தட்டும், அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

தண்ணீரும் மாத்திரையும் கொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டி வாங்கி, வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தபடி வாயை நன்றாகத் திறந்தாள். நாக்கைத் தூக்கிக் காட்டினாள். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை.

நான் காட்டச் சொல்லவில்லை.

ஆனாலும் குனிந்து பார்த்தேன்.